கல்லடி படாத வண்ணம்

1923 மே மாதக் கடைசியில், பிரான்ஸின் லெ மான் நகருக்கு வெளியே ஜான் டஃப் என்ற பந்தயக்காரர் ஓடிக்கொண்டிருந்தார். காரில் இல்லை, காலால். அங்கே 24 மணி நேரப் பந்தயம் முதன்முதலாக நடந்த வருஷம் அது. சாலை என்பது பெயருக்குத்தான், பெரும்பகுதி சரளைக்கல். முன்னால் போகும் வண்டி வாரியிறைப்பதைப் பின்னால் வருகிறவர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். டஃபின் மூன்று லிட்டர் பென்ட்லிக்கு ஒரு கல்லில் ஹெட்லைட் போயிற்று. இன்னொரு கல் பெட்ரோல் டேங்கைத் துளைத்தது. பெட்ரோல் ஒழுகித் தீர்ந்து வண்டி நடுவழியில் நின்றுவிட, அவர் மைல் கணக்கில் ஓடிவந்து பிட்டில் தகவல் சொன்னார். கூட்டாளி ஃபிராங்க் கிளெமென்ட் ஒரு சைக்கிளைப் பிடித்து, பெட்ரோல் கேன்களைத் தூக்கிக்கொண்டு மிதித்துப் போய், ஓட்டையை அடைத்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தார். நான்காம் இடம் கிடைத்தது. மறுவருஷம் அதே இருவர் பென்ட்லியோடு திரும்பி வந்து முதலிடம் பிடித்தார்கள். அந்த வண்டியின் விளக்குகளுக்கு முன்னால் கம்பிவலை பொருத்தியிருந்தது.

கார் பெயிண்டில் கல்லடி படாமல் ஃபிலிம் ஒட்டுவது என் தொழில். இதன் பூர்வீகத்தை யாராவது கேட்டால் அந்தக் கம்பிவலையிலிருந்துதான் தொடங்குவேன். டஃபுக்கும் கிளெமென்டுக்கும் கவலை விளக்கும் டேங்கும். பெயிண்டில் எத்தனை பொட்டு விழுந்தது என்று அவர்கள் குனிந்து பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஓட்டத்துக்கு வேண்டிய பாகத்தைக் கல்லிடமிருந்து காப்பாற்றுவதில் தொடங்கிய வேலை, வெறும் பளபளப்பைக் காப்பாற்ற லட்சக்கணக்கில் செலவழிக்கும் இடத்துக்கு வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. நடுவில் ஒரு போர்கூட இருக்கிறது.

நான் இந்த வேலைக்கு வந்தது வேறு வாசல் வழியாக. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில், கார் கண்ணாடிக்குச் சன் ஃபிலிம் ஒட்டும் கடையில்தான் கை பழகினேன். சோப்புத் தண்ணீர், ஸ்க்வீஜி, பிளேடு, ஹீட் கன். ஆயுதங்கள் அன்றும் இவைதான், இன்றும் இவைதான். 2012 ஏப்ரலில், கார் கண்ணாடியில் ஃபிலிமே கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மே 4 முதல் அமல். சிக்னலில் வண்டியை ஓரங்கட்டி ஃபிலிமை உரித்த காட்சியைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒட்டிப் பழகிய கைகள் உரிக்கும் கூலிக்கு நின்றன. எங்கள் தெருவில் சிலர் சீட் கவருக்குப் போனார்கள், சிலர் விளம்பர ஸ்டிக்கருக்குப் போனார்கள். என்னைப் போன்ற சிலர் கண்ணாடியிலிருந்து பானெட்டுக்கு நகர்ந்தோம். கண்ணாடியாவது ஏறக்குறைய தட்டை. பம்பர் அப்படியில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

சென்னையைச் சுற்றிக் கல்லுக்குப் பஞ்சமில்லை. ஞாயிறு விடியற்காலையில் திருவான்மியூர் தாண்டி ஈ.சி.ஆரில் நின்றால் போர்ஷேயும் லம்போர்கினியும் வரிசையாக மாமல்லபுரம் பக்கம் போவதைப் பார்க்கலாம். அதே சாலையில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகளும் போகும். ஒரே ஒரு தடவை புதுச்சேரி போய்வந்த வெள்ளை வண்டி ஒன்று என்னிடம் வந்தபோது அதன் பம்பர் முழுக்கக் கடுகு வெடித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள். பம்பர் பிளாஸ்டிக், அதனால் உள்ளே கறுப்பு தெரிகிறது. பானெட்டில் விழுந்தவை சாம்பல் நிறம், அது பிரைமர். ஒன்றிரண்டில் தகடே தெரிந்தது. வண்டிக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கல் நம்மைத் தேடி வருகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நாம்தான் அதைத் தேடிப் போகிறோம். லாரி டயரிலிருந்து தெறித்த கல் மேலே எழும்பி வேகம் குறைந்து இறங்கும். நீங்கள் மணிக்கு 120 கிலோமீட்டரில் வந்து அதன்மேல் மோதுகிறீர்கள். வேகம் இரட்டித்தால் அந்த மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்னொரு சாபமும் உண்டு. அதன் மூக்கு தாழ்ந்திருக்கும், டயர் அகலமாகவும் பிசுக்கென்றும் இருக்கும். முன் டயரே ரோட்டுக் கல்லைப் பொறுக்கித் தன் சொந்தப் பின் இடுப்பில் அடித்துக்கொள்ளும். ஆக, முன்னால் லாரியே இல்லாவிட்டாலும் தப்ப முடியாது.

இந்த அடியைத் தாங்க வேண்டிய பெயிண்ட் எவ்வளவு தடிமன் என்று சொன்னால் நம்புவதற்குச் சிரமமாக இருக்கும். தலைமுடி ஒன்றின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரின் தகட்டின் மேல் முதலில் மின்சாரத்தால் படியவைக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அப்புறம் கலர், கடைசியாகக் கிளியர். இந்த நாலும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான், அதாவது இரண்டு முடி. அதில் கலர் என்று நாம் காசு கொடுத்து வாங்குவது 20 மைக்ரானைத் தொட்டாலே அதிகம். 1987இல் வந்த ஃபெராரி எஃப்40ஐக் கிட்டப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: எடையைக் குறைக்கச் சிவப்பை அவ்வளவு மெலிதாக அடித்திருந்தார்கள், அடியில் இருக்கும் கார்பன் நெசவு கண்ணுக்குத் தெரியும்.

'அந்தக் காலத்துப் பெயிண்ட் கெட்டி, இப்போ எல்லாம் ஏமாத்து வேலை' என்று என் கடைக்கு வரும் பெரியவர்கள் சொல்வார்கள். பாதிதான் சரி. அந்தக் காலத்துப் பெயிண்டின் கதையைப் பாருங்கள். குதிரை வண்டிக்கு அடித்த எண்ணெய் வார்னிஷைத்தான் முதலில் காருக்கும் அடித்தார்கள். ஒரு கோட் காய்ந்து, தேய்த்து, அடுத்த கோட் என்று ஒரு காரை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். ஃபேக்டரி முழுக்கக் கார்கள் பெயிண்ட் காய்வதற்காகவே நிற்கும். 1920களின் முற்பகுதியில் டூபான்ட் நிறுவனம் டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதைத் தன் ஓக்லாண்ட் கார்களில் நீல நிறத்தில் அடித்தது. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. நம் ஊர் ஷெட்டுகளில் ஸ்ப்ரே அடிப்பதையே 'டூகோ அடிக்கிறது' என்று சொல்லும் பெயிண்டர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அந்த லாக்கர் மொறுமொறுப்பானது. வெயிலில் வெடிக்கும், கல் பட்டால் சில்லுச் சில்லாய்ப் பெயரும். கெட்டி என்பதெல்லாம் ஞாபகத்தின் கெட்டி.

பிறகு ஏன் அப்போது யாரும் புலம்பவில்லை? என் கணிப்பில் காரணம் பெயிண்ட் இல்லை, பம்பர். அந்தக் கார்களின் முகப்பில் குரோமியம் பூசிய எஃகுச் சட்டம் இருந்தது. நடுவில் கிரில்லும் உலோகம். கல்லடியில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டது அதுதான். குரோமியத்தில் சிறு கல் பட்டால் 'டங்' என்று சத்தம் வரும், அவ்வளவுதான். 1970களில் இந்த முகப்பு மறையத் தொடங்கியது. 1977இல் போர்ஷே 928 வந்தபோது தனியாகப் பம்பர் என்ற ஒன்று கண்ணிலேயே படவில்லை. பாலியூரித்தேனில் வார்த்து, வண்டியின் அதே நிறத்தில் பெயிண்ட் அடித்து, உடம்போடு உடம்பாக அதை ஒட்டவைத்துவிட்டார்கள். பார்க்க அழகு, சந்தேகமில்லை. பிறகு எல்லாக் கம்பெனிகளும் அந்த வழிக்கு வந்தன. இரும்பு வாங்கிய அடியை அன்றிலிருந்து பெயிண்ட் வாங்குகிறது. என் பிழைப்புக்கு அஸ்திவாரம் போட்டது பெயிண்ட் கம்பெனிகள் இல்லை, டிசைனர்கள்.

கம்பெனிகளுக்கு இது தெரியாமல் இல்லை. அமெரிக்க மோட்டார் பொறியாளர்கள் சங்கமான எஸ்.ஏ.இ.யின் தர விதிகளில் ஜே400 என்று ஒன்று உண்டு. பெயிண்ட் அடித்த தகடு ஒன்றைப் பெட்டிக்குள் நிறுத்தி, அரை லிட்டர் அளவுக்குச் சாலைக் கூழாங்கற்களைக் காற்றழுத்தத்தால் அதன்மேல் வாரியடிப்பார்கள். சில நொடிகளில் முடிந்துவிடும். பிறகு டேப் ஒட்டி உரித்து, தளர்ந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, எத்தனை சில்லு, எவ்வளவு பெரியது, எந்த அடுக்குவரை பெயர்ந்தது என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். வண்டியின் அடிப்பக்கத்துச் சட்டங்களைத் தடவிப் பாருங்கள், ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு இருக்கும். அது மட்டமான வேலை இல்லை. கல்லுக்கென்றே அடித்த மெத்தைப் பூச்சு. அதைப் பானெட்டில் அடித்தால் வாங்க ஆள் வராது.

இனி அந்தப் போருக்கு வருகிறேன்.

கல்லோடும் மணலோடும் காரைவிட அதிகம் அல்லாடியவை பறக்கும் இயந்திரங்கள். முதல் உலகப் போர்க்கால விமானங்களின் சுழலி மரத்தில் செய்தது. தரையிலிருந்து கிளம்பும் புழுதியும் கல்லும் மழையும் அதன் நுனியை அரித்துவிடும் என்று விளிம்பில் பித்தளைத் தகடு கட்டினார்கள். கல் வந்தால் உலோகத்தைக் காட்டு என்பதுதான் அன்றைய புத்தி. லெ மானின் கம்பிவலையும் அதே புத்திதான்.

1960களில் வியட்நாமுக்குப் போன அமெரிக்கப் படையின் வாகனம் ஹெலிகாப்டர். அதிலும் யு.எச்.-1 ரகம், செல்லப் பெயர் ஹியூயி. ஓடுபாதை கிடையாது, கிடைத்த புழுதியில் இறங்க வேண்டும், கிளம்ப வேண்டும். பெரிய ஹியூயிகளில் மேல்சுழலியின் குறுக்களவு 48 அடி. அது சுற்றும்போது நுனியின் வேகம் நொடிக்கு 200 மீட்டரையும் தாண்டும். தன் இறக்கையே கிளப்பிவிட்ட மணலுக்குள் அந்த வேகத்தில் அது புகுந்து புகுந்து வரும்போது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான். உலோக விளிம்பு கரைந்துபோகும். இதற்கு மாற்றாக 3எம் நிறுவனம் கொடுத்தது இன்னும் கடினமான உலோகம் இல்லை. பாலியூரித்தேனில் செய்த, ரப்பர் குணமுள்ள, பின்பக்கம் பசை தடவிய டேப். விளிம்பில் ஒட்ட வேண்டியது, தேய்ந்தால் உரித்துவிட்டு வேறு ஒட்ட வேண்டியது.

பாலியூரித்தேன் அதற்கு முப்பது வருஷம் முன்பே வந்துவிட்டது. ஜெர்மனியில் 1937இல் ஓட்டோ பாயரும் அவர் குழுவினரும் உருவாக்கியது. மெத்தை, செருப்பு, சக்கரம் என்று எங்கெங்கோ போய்க்கொண்டிருந்த பொருள், மணலுக்கு எதிரே நின்றபோதுதான் அதன் உண்மையான சாமர்த்தியம் தெரிந்தது. உலோகத்தில் மணல் பட்டால் பட்ட இடம் கொஞ்சம் பெயரும். பாலியூரித்தேனில் பட்டால் அந்த இடம் உள்வாங்கும், அடியைச் சுற்றிலும் பரப்பும், மறுகணம் பழைய நிலைக்கு எழும்பும். கல்லின் வேகம் அங்கேயே செலவாகிவிடும். ஆச்சரியம் என்னவென்றால் இதே பொருள் மழைத்துளியிடம் அவ்வளவு திறமை காட்டுவதில்லை. அங்கே உலோகம்தான் கொஞ்சம் தேவலை. ஆனால் காருக்கு எதிரி மழை இல்லையே.

போர் முடிந்தபின் அந்த டேப் நேரே கார்க் கடைக்கு வந்துவிடவில்லை. நடுவில் பந்தயக்காரர்கள் அதைக் கண்டுகொண்டார்கள். காரின் மூக்கிலும் பின்சக்கரத்துக்கு முன்னாலும் ஒட்டிக்கொண்டு ஓட்டினார்கள். பந்தயம் முடிந்தால் உரித்தெறிந்துவிட்டு அடுத்ததற்குப் புதிது. இன்றைக்கும் லெ மானில் முன்கண்ணாடிமேல் அடுக்கடுக்காகத் தெளிந்த பிளாஸ்டிக் தாள் ஒட்டி, அழுக்காக ஆக ஒவ்வொன்றாகக் கிழிக்கிறார்கள். தியாகத்துக்கென்றே ஒரு தோலைப் போர்த்துவது என்ற யோசனை ரேஸ்காரர்களுக்கு இயல்பாக வந்தது, ஏனென்றால் எதுவும் நிரந்தரமாக இருக்கும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதில்லை. புதுக் கார் சீட்டில் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறையை வருஷக்கணக்கில் கிழிக்காத நம் ஊர்க்காரர்களுக்கு இது வேறு காரணத்தால் உடனே புரிந்துவிடுகிறது.

சாதாரணச் சாலையில் ஓடும் வண்டிக்குக் காவல் போட்டதில் போர்ஷேக்குத் தனி இடம் கொடுக்க வேண்டும். 911இன் பின் இடுப்பு அகலம். 1974இல் பாரிஸ் கண்காட்சியில் காட்டிய டர்போ ரகத்தில் இன்னும் அகலம். முன் டயர் எறிவதெல்லாம் அந்த வீக்கத்தில்தான் வந்து விழும். அதனால் பின்சக்கரத்துக்கு முன்னால் கறுப்பு நிறத்தில் ஒரு காப்புத் துண்டை ஃபேக்டரியிலேயே ஒட்டி அனுப்பினார்கள். பார்ப்பவர்கள் அது ஏதோ அலங்காரம் என்று நினைத்துக்கொண்டார்கள். பிற்கால மாடல்களில் கறுப்பு போய், கண்ணுக்குத் தெரியாத ஃபிலிமாக மாறியது. இன்று என்னிடம் வரும் 911களில் அந்த இடத்தை விரல் நகத்தால் தடவினால் ஓரம் தட்டுப்படும். வண்டி வாங்கிய பலருக்குத் தங்கள் வண்டியில் ஏற்கெனவே ஃபிலிம் இருப்பதே தெரியாது. இதே கம்பெனிதான் 1976 மாடலிலிருந்து 911இன் உடம்பு முழுவதையும் துத்தநாகம் பூசிய எஃகில் செய்தது. கல் பட்டுப் பெயிண்ட் போனாலும் துருப்பிடிக்காது என்ற ஏற்பாடு. பெயிண்டுக்கு மேலே ஒரு காவல், கீழே ஒரு காவல் என்று யோசித்தவர்களை எனக்குப் பிடிக்கும்.

அமெரிக்காவில் 1980களில் பிரபலமானது வேறு சங்கதி. வினைலில் தைத்த கறுப்பு முகமூடி. காரின் மூக்கு அளவுக்கு வெட்டித் தைத்து, கொக்கி போட்டு மாட்டிவிடுவார்கள். உள்ளே மெல்லிய துணி. அதன் பெயரைச் சொன்னால் பெண்களின் உள்ளாடை ஞாபகம் வரும். ஃபிலிமையும் அங்கே இன்றுவரை அதே பெயரோடு 'கிளியர்' சேர்த்துத்தான் சொல்கிறார்கள். கல்லைத் தடுத்தது, உண்மை. ஆனால் மழையில் நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. தூசி உள்ளே புகுந்து, காற்றில் அந்தத் துணி படபடத்து, பெயிண்டை மெல்லத் தேய்த்தது. வெயில் படும் இடம் வெளிறி, முகமூடிக்குள் இருந்த இடம் மட்டும் புதிதாக நின்று, கழற்றினால் வண்டி இரண்டு நிறம். காப்பதற்காகப் போட்டதே கெடுத்தது.

1990களில் ஃபிலிம் கடைக்கு வந்தது. அப்போதைய சரக்கை இன்றைக்கு ஒட்டினால் யாரும் காசு தர மாட்டார்கள். வளைவில் நீளாது, மேல்பரப்பு அலையலையாக இருக்கும், ஓரத்தில் அழுக்குக் கோடு கட்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, மஞ்சள். பாலியூரித்தேனில் இரண்டு குடும்பம் உண்டு. பென்சீன் வளையம் உள்ள மூலப்பொருளில் செய்வது ஒன்று. விலை குறைவு, பலமும் உண்டு, ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் பழுப்பேறும். வளையம் இல்லாத இன்னொன்று தெளிவாகவே நிற்கும், விலை அதிகம். ஹெலிகாப்டர் இறக்கை மஞ்சளானால் யாருக்கு என்ன? வெள்ளைக் காரின் பானெட்டில் பாதி மஞ்சளானால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தொழில் இரண்டாவது குடும்பத்துக்கு மாறியபின்தான் இந்த வியாபாரமே நிமிர்ந்தது.

வெட்டும் வேலையும் ஒரு தடையாக இருந்தது. வண்டிமேலேயே ஃபிலிமை விரித்து பிளேடால் வெட்டுவார்கள். அந்த பிளேடு ஒரு மயிரளவு ஆழமாகப் போனால் பெயிண்டில் கோடு. கல்லடியைத் தடுக்க வந்தவன் கத்தியால் குத்திவிட்டுப் போவான். 1997இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் தொடங்கிய எக்ஸ்பெல் முதலில் விற்றது ஃபிலிமே இல்லை, மென்பொருள். ஒவ்வொரு மாடலின் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து வரைபடமாக வைத்துக்கொண்டு, பிளாட்டர் இயந்திரத்தில் வெட்டித் தரும் ஏற்பாடு. தையல்கடையில் அளவுச் சட்டை போய் ரெடிமேட் வந்த மாற்றம் இது. பிளேடில் பழகிய எங்களில் பலர் இன்னும் ஓரத்தை மடித்து உள்ளே செருகக் கொஞ்சம் கூடுதலாக விட்டு வெட்டிக்கொள்கிறோம். ரெடிமேட் வெட்டில் ஓரம் தெரியும் என்பது எங்கள் கட்சி.

கடைசியாக வந்தது, கீறல் தானே மறையும் மேல்பூச்சு. முதலில் இதைப் பெயிண்டில் காட்டியது நிஸான். 2005 டிசம்பரில், சிறு கீறல்கள் தாமாக மறையும் கிளியர் கோட்டை நிப்பான் பெயிண்டோடு சேர்ந்து அறிவித்தார்கள். சில வருஷங்களில் ஃபிலிமுக்கும் அந்த குணம் வந்துவிட்டது. பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, கோடுகள் மறைவதைக் காட்டி ஆர்டர் பிடிக்காத கடை இன்று கிடையாது. நானும் காட்டுகிறேன். ஆனால் கூடவே ஒன்று சொல்லிவிடுவேன்: மறைவது மேல்பூச்சில் விழுந்த கீறல்தான். ஃபிலிமே கிழிந்தால் எந்த வெந்நீரும் சேர்க்காது.

பம்பரைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. ஒட்டும் அறையின் தரையை முதலில் நனைப்போம், தூசி எழும்பக் கூடாது. மின்விசிறி நிறுத்தியிருக்கும். வண்டியை நுரையில் கழுவி, களிமண் கட்டியால் தேய்த்து, கண்ணுக்குத் தெரியாத தார்ப்புள்ளியையும் இரும்புத் தூளையும் எடுத்து, ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைப்போம். ஃபிலிம் ஐந்தடி அகலச் சுருளில் வரும், தடிமன் சுமார் 200 மைக்ரான். பின்தாளை உரித்ததும் பசைப்பக்கம் முழுக்க பேபி ஷாம்பு கலந்த தண்ணீர் அடிக்க வேண்டும். அப்போதுதான் வழுக்கும், நகர்த்தலாம். இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து மூக்கின்மேல் இறக்குவோம். நடுவை ஆல்கஹால் தண்ணீரால் கட்டிப்போட்டுவிட்டு அங்கிருந்து பக்கவாட்டில் இழுப்போம். ஹெட்லைட்டுக்குக் கீழே, காற்றுத் துவாரம் உள்ளே வளையும் இடம்தான் எமன். அதிகம் இழுத்தால் ஃபிலிமில் தழும்பு விழும், அது போகாது. குறைவாக இழுத்தால் விரல் விரலாக மடிப்பு எழும். ஸ்க்வீஜி போகும்போது தண்ணீர் முன்னால் ஓட வேண்டும். ஒரு துளி மாட்டிக்கொண்டால் சில நாளில் தானே வற்றும், ஒரு தூசி மாட்டிக்கொண்டால் வற்றாது. என் தம்பி மாதிரி கூட வேலைசெய்யும் பையன் ஒருவன் இந்த இடத்தில் மூச்சையே நிறுத்திவிடுவான். 'டேய், ஃபிலிம்தான்டா ஒட்டுறோம், ஆபரேஷன் பண்ணல' என்பேன்.

வாடிக்கையாளர்கள் கேட்பது வேறு. "அண்ணா, ஒட்டினது தெரியவே கூடாது." தெரியாது. "லைஃப் டைம் வருமா?" வராது. ஐந்து வருஷம், ஏழு வருஷம், நல்ல சரக்கும் நிழலும் கிடைத்தால் பத்து. இது தேய்ந்துபோவதற்கென்றே ஒட்டுவது. "கல்லே படாதா?" படும். சிறு ஜல்லியின் அடியைத் தாங்கும். கூர்முனையோடு பெரிய கல் நேராக வந்தால் ஃபிலிமும் கிழியும், பெயிண்டும் போகும். ஹெலிகாப்டர்காரர்களும் டேப்பை மாற்றிக்கொண்டேதான் இருந்தார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சிலது சொல்ல வேண்டும். ஃபிலிம் டி.பி.யு.வா (பாலியூரித்தேன் ரகம் அதுதான்), பி.வி.சி.யா என்று கேளுங்கள். பி.வி.சி.யைப் பெயர் மாற்றி விற்கும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கொஞ்ச காலத்தில் அது இறுகி மஞ்சளாகும், உரிக்கும்போது துண்டு துண்டாக வரும். சுருளின் பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய வண்டி என்றால் முதலில் தடிமன் அளக்கும் கருவியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 120 மைக்ரான் காட்டினால் கம்பெனி பெயிண்ட். 300, 400 காட்டினால் யாரோ பட்டி பார்த்து மறுபடி அடித்திருக்கிறார்கள். அந்த இடத்தில் ஃபிலிமை என்றாவது உரிக்கும்போது பெயிண்டும் கூடவே வரலாம். புதிதாக அடித்த பெயிண்ட் என்றால் சில வாரம் பொறுத்து ஒட்டுங்கள். பட்ஜெட் இல்லையா, முழு வண்டிக்கும் வேண்டாம். பம்பர், பானெட், முன் ஃபெண்டர், கண்ணாடிக் காது, பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் இடம். கல் அடிப்பது அங்கேதான். செராமிக் பூச்சு கல்லைத் தடுக்கும் என்று சொன்னால் கடையை மாற்றுங்கள். அது பளபளப்புக்கும் கழுவுவதற்கும் நல்லது, அதன் தடிமனில் கல்லுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. ஷோரூமிலிருந்து பூஜைக்குப் போனால், பானெட்டில் வைத்த மஞ்சளையும் குங்குமத்தையும் அன்றைக்கே ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். ஊறினால் ஃபிலிமானாலும் கறை நிற்கும்.

ஜல்லி லாரி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களால் எனக்கு வேலை வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பின்னால் அதே ரோட்டில் பைக்கில் புருஷன் பெண்டாட்டி பிள்ளை என்று மூன்று பேர் வருகிறார்கள். அவர்கள் முகத்துக்கு ஃபிலிம் கிடையாது. குவாரியை விட்டுக் கிளம்பும்போதே தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிடுங்கள்.